அக்கரை வீட்டுத் தண்ணி

சொம்ப அந்தக் கல்லு மேல வையி தம்பி. படியேற வேணாம், அங்கனயே உக்காரு. நெழலு தேடாத. வெயில்ல உக்காந்துதான் கேக்கணும், அதுதான் மொற. கூட வந்திருக்கிறது ஒம் பொஞ்சாதியா? நீயும் உக்காரு தாயி. நீ வெளியூருக்காரி, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய வீட்டுல ஒரு உசுரு இழுத்துக்கிட்டுக் கெடந்தா, வெறுஞ்சொம்பத் தூக்கிக்கிட்டு எங்க வாசலுக்கு வரணும். எங்க கைத்தண்ணி எறங்குனாத்தான் அது அடங்கும்பாக. நாங்களும் குடுப்போம். இல்லன்னு ஒரு நாளும் சொன்னது கெடையாது. ஆனா கதயச் சொல்லிட்டுத்தான் குடுப்போம். முழுசாக் கேக்கணும். நடுவுல எந்திரிச்சா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பேன்.

உம் கொட்டு. உம் கொட்டலன்னா கத நின்னுரும்.

வெகு காலத்துக்கு முந்தி, ஒங்க பாட்டன் பூட்டன் பொறக்காத காலத்துல, இந்தக் கரிமூட்டாம்பட்டிக்கு ஊருன்னு பேரே கெடையாது. ஒட மரமும் ஓணானும்தான். நம்ம ஆளுக இங்க இல்ல. வடக்க, பத்து நாள் நட தூரத்துல ஒரு ஆறு ஓடுச்சாம். மேக்க இருந்து கெழக்க ஓடுற ஆறு. அதோட ரெண்டு கரையிலயும் நம்ம ஆளுக இருந்தாகளாம். பேரு என்னன்னு கேக்காத. வந்தவுக அந்தப் பேரச் சொல்ல மாட்டோம்னு வாயக் கட்டிக்கிட்டாக. வாயத்தான் கட்டுனாக, கையக் கட்டல.

இந்தா, கரித்துண்டு எடுத்துட்டேன். இந்தக் கல்லப் பாரு. நான் போடப் போட நீ பாத்துக்கிட்டே கேளு.

மூணு வருசம் மழ இல்லயாம். ஆத்துல முழங்காத் தண்ணியாம். பஞ்சம் வந்துச்சு, பின்னாலயே வாந்திபேதி வந்துச்சு. காலையில ஏர்பூட்டப் போனவன சாயங்காலம் தூக்கிப் போட்டாகளாம். அப்பத்தான் ஒங்க வம்சத்துக்கு மூத்தவரு உக்கிரபாண்டி எந்திரிச்சு நின்னாரு. "கெடந்து சாகுறதுக்கு நடந்து சாவோம், வாங்கடா"ன்னாரு. முப்பது வீடு கெளம்புச்சு. வடகரைக்காரவுக ஆத்தக் கடந்து தெங்கரைக்கு வந்து, எல்லாருமாச் சேந்து தெக்க பாத்து நடந்தாக. இங்க வந்து சேந்தது எத்தன வீடுன்னு நெனைக்கிற? ஒம்பது. மிச்சம் இருவத்தொண்ணும் வழியில. குழி வெட்டவும் கையில பெலம் இல்லயாம்.

உக்கிரபாண்டி கடைசியா வந்தாராம், யாரும் பின்தங்கிட்டாகளான்னு பாத்துட்டு. அவரு தோளுல ஒரு பொட்டப்புள்ள. நாலு வயசு. "ஏதுய்யா இந்தப் புள்ள?" "ஆத்தங்கரையில கெடந்துச்சு. ஆத்தா அப்பன் யாருன்னு தெரியல." எந்தக் கரையிலன்னு அன்னைக்கி ஒருத்தனும் கேக்கல. நடக்கவே சீவன் இல்லாதவன் என்னத்தக் கேப்பான்?

அந்தப் புள்ளதான் ஆண்டிச்சி. எங்க ஆண்டிச்சி.

செல்லு அடிக்குதுய்யா, எடு. வீட்டுல இருந்துதான. பேசு, பேசு.

என்ன சொன்ன இப்ப? "இந்தா வந்துட்டேன்"னா? சரி. அந்த வார்த்தைய மடியில முடிஞ்சு வச்சுக்க, பின்னால வேண்டியிருக்கும். திருப்பூருக்குப் போயி பதினாறு வருசமா அப்பன்கிட்ட அதத்தான சொல்லிக்கிட்டு இருந்த. மொறைக்காத. உம் கொட்டு.

வந்தவுக என்ன செஞ்சாக? ஒட மரத்த வெட்டுனாக, அடுக்குனாக, மண்ணப் பூசி மூட்டம் போட்டாக, கரி எடுத்தாக. அதுலதான் பொழப்பு. கஞ்சிக்கு வழி வந்துச்சு. புள்ளைக வளந்துச்சு. அப்பறம் கல்யாணப் பேச்சு வந்துச்சு. அங்கதான் சிக்கல்.

ஆத்துல இருந்த வரைக்கும் கணக்கு லேசு தாயி. ஒரே கரைக்காரவுக எல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. எதுத்த கரைக்காரவுக மாமன் மச்சான். பொண்ணு எடுத்தா எதுத்த கரையிலதான். இங்க கரைக்கு எங்க போக? ஓட கூட இல்ல. பாதிப் புள்ளைக அநாத. எது எந்தக் கரைன்னு யாரு கண்டா? அதுக்குத்தான் ஆறு போடுறதுன்னு ஒரு மொற கொண்டு வந்தாக. பொண்ணும் மாப்ளையும் சபையில உக்காந்து, கரிய எடுத்து, தரையில ஆறு போடணும். அவுக அவுக வீட்டு வாசல்ல நின்னு பாத்தா தண்ணி எப்பிடி ஓடுச்சோ அப்பிடி. தெங்கரைக்காரன் வாசல்ல நின்னா, தண்ணி அவனுக்குச் சோத்தாங்கைப் பக்கம் ஓடும். வடகரைக்காரனுக்குப் பீச்சாங்கைப் பக்கம் ஓடும். தண்ணி போற பக்கம் கோட்ட அகட்டி விடணும். அத வச்சுக் கரையக் கண்டுபிடிச்சிருவாக. புரியுதா? அவ்வளவுதான். காயிதம் இல்ல, கோயில் இல்ல, கும்புட்ட சாமியவே அங்க விட்டுட்டு வந்தவுகளுக்கு, நான் யாருன்னு சொல்லிக்க அந்த ஒரு கோடுதான்.

ஆண்டிச்சி யாரு வீட்டுப் புள்ளயும் இல்ல. அதுனால எல்லாரு வீட்டு வேலையும் அவளுது. மூட்டத்துக்கு மண்ணு கொழைக்க ஆண்டிச்சி. பொகையில நின்னு ஓட்ட அடைக்க ஆண்டிச்சி. சுடச்சுடக் கரி பிரிக்க ஆண்டிச்சி. வடிச்ச கஞ்சிய ஊத்த மட்டும் கடைசியா ஆண்டிச்சி. அவளும் மூஞ்சியத் தூக்காம செஞ்சாளாம். பதினேழு வயசுல ஆளு சும்மா கருங்காலிச் செல மாதிரி இருந்தாளாம்.

தளவாயி பாத்துட்டான். தளவாயி யாரா? உக்கிரபாண்டிக்கு ஒத்த மகன். ஒன் வீட்டுக்காரனுக்குப் பூட்டனப் பெத்தவன். மூட்டத்துப் பொகையில பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது. அது யாருக்கு வசதின்னு நான் சொல்லணுமா? ரெண்டும் முந்திக்கிருச்சு. அவளுக்கு மூணு மாசம்.

தளவாயி அப்பன்கிட்டப் போயி நின்னான். "ஐயா, ஆண்டிச்சியக் கட்டிக்கிறேன்." உக்கிரபாண்டிக்கு மகன்னா உசுரு. "சபையில ஆறு போடட்டும், பாப்போம்"னாராம். அவரு என்ன நெனச்சாருன்னா, நாலு வயசுல வந்த புள்ள, சொல்லிக் குடுக்க அப்பனும் இல்ல, என்னத்தப் போடப் போகுது, ஏதாவது கிறுக்கும், நம்ம எதுத்த கரைன்னு தீத்து விட்ருவோம். அப்பிடித்தான் நெனச்சிருப்பாருன்னு எங்க மாமியா சொல்லுவா.

உச்சி வெயிலு. ஒம்பது வீடும் கூடி இருக்கு. சாணி மொழுகுன தரை. ஆண்டிச்சி கரிய எடுத்தா. போட்டா.

எப்பிடிப் போட்டாங்கிற? இந்தா, இப்பிடி ஒரு வளவு. இங்கன ஒரு பாற, நடுவுல வெடிச்சது. இங்கன தண்ணிக்குச் சாஞ்ச ஒரு புன்ன மரம். இங்கன மணல் திட்டு. கூட்டம் அப்பிடியே எந்திரிச்சிருச்சாம். "ஏ ஆத்தா, நம்ம ஆறுடி!" "ஏலேய், நான் குதிச்ச பாறடா!" ஒரு கெழவரு அப்பிடியே குப்புற விழுந்து அந்தக் கரிக்கோட்டக் கையால அள்ளப் பாத்தாராம். பொம்பளைக மாருல அடிச்சு அழுதாக. பதிமூணு வருசமா அழாத அழுகை.

அவ தலை நிமிரல. போட்டுக்கிட்டே வந்தா. கடைசியா தண்ணி போற பக்கம் கோட்ட அகட்டி விட்டா.

சோத்தாங்கைப் பக்கம்.

அழுகை நின்னு போச்சு. சோத்தாங்கைன்னா தெங்கரை. தளவாயி தெங்கரை. அப்ப அவ அவனுக்கு என்ன ஆகுது? தங்கச்சி. வயித்துல மூணு மாசம்.

அவ அதக் கூடக் கவனிக்கல. அக்கரையில, புன்ன மரத்துக்குக் கீழ, ஒரு புள்ளி வச்சா. இந்தா, இங்கன. "என்னளா இது?"ன்னு ஒருத்தரு கேட்டாரு. "ஆளு." "யாரு?" "தெரியல. ஒரு பொம்பள. கைய ஆட்டிக்கிட்டே இருந்துச்சு."

மத்தவுகளுக்கு அது ஒண்ணுமில்ல. ஏதோ துணி தொவைக்க வந்தவன்னு விட்டுட்டாக. உக்கிரபாண்டி மட்டும் அந்தப் புள்ளியவே பாத்தாராம். மூஞ்சி செத்துப் போச்சாம். அவரு ஒருத்தருக்குத் தெரியும் தாயி, அவ வடகரைப் புள்ளன்னு. தளவாயிக்குக் கட்டுற மொறைன்னு தெரியும். வாயத் தொறந்து ஒத்த வார்த்த. "நான்தான்டா அக்கரையில இருந்து தூக்கியாந்தேன்." முடிஞ்சுது. கல்யாணம். கறிச்சோறு.

சொல்லல.

ஏன் சொல்லலன்னு பின்னால அவரு வாயாலயே வரும். அன்னைக்கி என்ன சொன்னாரு தெரியுமா? "அண்ணன் தங்கச்சி பாவத்த இந்த மண்ணுல வச்சுக்க முடியாது. மூஞ்சியில கரியப் பூசி எல்லைக்கு அங்கிட்டு வெரட்டுங்க. ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாது. தங்கச்சின்னு ஒரு தடவ வாயால சொல்லி, இவனே பூசட்டும். அப்பத்தான் இவனுக்குத் தீரும்."

தளவாயி என்ன செஞ்சான்? "போங்கய்யா, அவ எம் பொண்டாட்டி"ன்னு சொன்னான்னு நெனைக்கிறியா? அப்பிடிச் சொல்லிருந்தா நான் ஏன் இந்த வாசல்ல உக்காந்து கத்துறேன்? அவனுக்கு உடம்பே கூசிப் போச்சாம். கரித்தூள ரெண்டு கையிலயும் அள்ளுனான். நெத்தியில பூசுனான், கன்னத்துல பூசுனான், வாயில பூசுனான், கண்ணுக்குள்ள போறதப் பாக்காம பூசுனான். "நீ எந் தங்கச்சி"ன்னான். சொல்லச் சொன்னது ஒரு தடவ. அவன் மூணு தடவ சொன்னான்.

அவ அழல. "நான் போட்டது பொய்யில்ல"ன்னா. அப்பறம், "கண்ணு எரியுது, கொஞ்சம் தண்ணி"ன்னா. உக்கிரபாண்டி மகனப் பாத்தாரு. தளவாயி பானையத் தூக்கிட்டு வந்தான். வந்து, அவ காலடியில, அவ போட்ட ஆத்து மேலயே கவுத்தி விட்டான். தரை ஒரு நொடியில குடிச்சிருச்சு. இது ஒங்க வீட்டுல சொல்ல மாட்டாக. நாங்க சொல்லுவோம்.

சித்திரை வெயில்ல நடந்தா. எல்லை வரைக்கும் புள்ளைக கல்லெறிஞ்சுக்கிட்டே போச்சாம். எல்லையத் தாண்டிப் பொட்டக்காட்டுல சுருண்டு விழுந்தவள, சட்டிபான விக்கப் போன ஒரு பொம்பள பாத்து, வாயி நனச்சு, கூட்டிட்டுப் போயிருக்கா. அந்தப் புண்ணியவதி பேரு யாருக்கும் தெரியல. கல்லெறிஞ்சவன் பேரெல்லாம் தெரியும்.

ஆண்டிச்சி ஆம்பளப்புள்ள பெத்தா. ஊருக்குக் கெழக்க, கண்ணுக்குத் தெரியுற தூரத்துல, தனியா ஒரு குடிச போட்டா. ஆமா, நீங்க உக்காந்திருக்கிற இதே எடந்தான். எங்கயும் ஓடல. தனியா மரம் வெட்டுனா, தனியா மூட்டம் போட்டா. பொகையப் பாக்குறப்பல்லாம் ஊருக்காரனுக்கு அவ ஞாபகம் வரணும்னுதான். அந்தக் கரிய மூஞ்சிய விட்டுக் கழுவவே இல்லன்னு சொல்லுவாக. கரி மூட்டக்காரி மூஞ்சியில கரி இல்லாம என்ன இருக்கும்னும் சொல்லுவாக. எப்பிடின்னாலும் வச்சுக்க.

பன்னெண்டு வருசம் போச்சு. தளவாயி வேற பொண்ணக் கட்டி மூணு புள்ளைக்கு அப்பன். உக்கிரபாண்டி படுத்துட்டாரு.

படுத்தவரு போகல. ஏழு நாளு. உசுரு தொண்டையில வந்து நிக்கிது. பால ஊத்துனாக, கடவாயில வழிஞ்சுச்சு. தண்ணி ஊத்துனாக, வழிஞ்சுச்சு. மண்ணக் கரச்சு ஊத்துனாக, அதுவும் வழிஞ்சுச்சு. கண்ணு மட்டும் உருளுது. எட்டாம் நாள் காலையில, "கரி"ன்னாராம். ஒரு துண்டு கையில குடுத்தாக. பாய்க்குப் பக்கத்துல, தரையில ஆறு போட்டாரு. வெடிச்ச பாற. சாஞ்ச புன்ன மரம். அக்கரையில ஒரு புள்ளி.

"அது அவ ஆத்தா"ன்னாரு.

தளவாயி குனிஞ்சு காத வச்சான். அவரு விட்டு விட்டுச் சொன்னாராம். எல்லாரும் முன்னால போன பின்னாடி அவரு ஒரு ஆளா அக்கரைக்குப் போயிப் பாத்திருக்காரு. மரத்தடியில ஒரு பொம்பள. பேதி கண்டு எந்திரிக்க முடியாம உக்காந்திருக்கா. உசுரோட. மடியில புள்ள. "அண்ணே, எம்புள்ளயத் தூக்குங்க. அவளத் தெங்கரையில எறக்கிட்டு வந்து என்னையும் ஒரு கை புடிச்சு விட்ருங்க. முழங்காத் தண்ணிதான்"னு கும்புட்டிருக்கா. இவரும் புள்ளயத் தூக்கித் தோளுல போட்டுக்கிட்டு, "இந்தா வந்துட்டேன்"னு சொல்லிட்டு வந்திருக்காரு.

கேட்டியா தம்பி? "இந்தா வந்துட்டேன்."

இக்கரைக்கு வந்த பின்னாடி அவருக்குப் பயம் புடிச்சிருச்சு. பேதி கண்டவளத் தொட்டா நமக்கும் ஒட்டிக்கிரும், நம்மளால மத்தவுகளுக்கும் போகும். அப்பிடியே நடந்துட்டாரு. திரும்பிப் பாக்கல. தோளுல கெடந்த புள்ளதான் பின்னால பாத்துச்சு. இக்கரையில இருந்து ஆத்தப் பாத்துச்சு, அக்கரையில ஒரு ஆளு கைய ஆட்டுறதப் பாத்துச்சு. நாலு வயசுப் புள்ளைக்கு வீட்டு வாசல் மனசுல நிக்கல. அதுதான் நின்னுச்சு. அதத்தான் போட்டா. தெங்கரையில இருந்து பாத்தா தண்ணி சோத்தாங்கைப் பக்கம் ஓடாம வேற எங்க ஓடும்?

"அவ வடகரைன்னு சொன்னா, எப்பிடித் தெரியும்னு கேப்பீக. ஆத்தா எங்கன்னு கேப்பீக. உசுரோட விட்டுட்டு வந்தவன்னு தெரிஞ்சா என்ன மூப்பனா வச்சுக்கிருவீகளா? அதான் சொல்லல. அவ கையால ஒரு வாய் குடுத்தா நான் போயிருவேன்டா." இவ்வளவுதான் உக்கிரபாண்டி சொன்னது. ஊருத் தலைம போயிரும்னு மகன் வாழ்க்கையையும் சேத்து மூட்டத்துல வச்சவரு.

தளவாயி வெறுஞ்சொம்போட ஓடி வந்தான். இந்தக் கல்லுக்கிட்டதான் நின்னான். எல்லாத்தையும் சொன்னான். ஆண்டிச்சி கரி பிரிச்சுக்கிட்டு இருந்தவ, அப்பிடியே நின்னா. அவளுக்கு எது வலிச்சுச்சு தெரியுமா? வெரட்டுனது இல்ல. "அப்ப அது எங்க ஆத்தாவா?"ன்னு மட்டும் கேட்டாளாம். "போயிட்டு வான்னு ஆட்டலயா? வா வான்னா ஆட்டுச்சு?"

அவன் நீட்டுன சொம்ப அவ வாங்கிக்கிறல. ஒரு பானை தண்ணி தூக்கி இடுப்புல வச்சா. நடந்தா.

பெரிய வீட்டு முத்தத்துல, அவரு பாய்க்கு நேரா, கரியால ஒரு ஆறு போட்டா. இந்தப் பக்கம் அவரு. அந்தப் பக்கம் ஒரு புள்ளி வச்சு, அங்க போயி இவ உக்காந்தா. பானைய முன்னால வச்சா. தண்ணி தளும்புறது அவருக்குத் தெரியுது. அவரு கையத் தூக்கி ஆட்டுனாரு, வா வான்னு.

"இந்தா வந்துட்டேன் மாமா"ன்னா.

எந்திரிக்கல.

மறுபடியும் ஆட்டுனாரு. "இந்தா வந்துட்டேன் மாமா." ஏர் கட்டுற நேரத்துல உக்காந்தவ. வெயிலு உச்சிக்கு வந்துச்சு, எறங்குச்சு. அவரு ஆட்ட ஆட்ட இவ அதையே சொன்னா, குரலு கூட ஒசரல. ஊரே சுத்தி நின்னுச்சு. அந்தப் பானைய எடுத்துக் குடுக்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல, அவ போட்ட கோட்டத் தாண்டவும் தைரியம் இல்ல. பொழுது சாயுறப்ப தூக்குன கை அப்பிடியே நின்னு போச்சாம். மடக்கிக் கட்ட நாலு ஆளு வேண்டியிருந்துச்சாம்.

அப்பறம் தளவாயி வந்தான். ஒங்காளு, தாயி, ஒங்க வீட்டு ஆளு. அவ காலுக்கிட்ட உக்காந்து அழுதான். "ஆண்டிச்சி, நீ எனக்கு மொறதான். புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்துரு. ஒனக்குன்னு தனி வீடு கட்டித் தாரேன்."

அவ அவனப் பாத்தா. அத்தன சனத்துக்கு முன்னாலயும் சொன்னா.

"தள்ளி நில்லுங்கண்ணே."

ஒரே தடவதான் சொன்னா. பானையத் தூக்கி, அவ போட்ட ஆத்துல அக்கரைப் புள்ளி மேல முழுத் தண்ணியையும் ஊத்துனா. வெறும் பானைய இடுப்புல வச்சுக்கிட்டு நடந்துட்டா.

அன்னைக்கி ஊரு கூடி, நீ வடகரைன்னு நாங்க ஒத்துக்கிட்டோம்னு வந்து நின்னுச்சாம். "ஒங்க தெங்கரையும் வேணாம், வடகரையும் வேணாம். நான் அக்கரை. எங்க ஆத்தா எங்க உக்காந்திருக்காளோ அதான் எங்க வீடு"ன்னாளாம். அன்னையில இருந்து, சுத்தி இருபது மைலுக்கு ஆறே இல்லாத ஊருல நாங்க அக்கரை வீடு. ஒங்களுக்கும் எங்களுக்கும் பொண்ணு குடுக்கல் வாங்கல் கெடையாது. அண்ணன் தங்கச்சி வீடு. வேடிக்கையப் பாரு, அவ பெத்தது தளவாயி புள்ளதான? நாங்க அந்தப் புள்ள வழி. அப்ப ஒங்க வீடும் எங்க வீடும் நெசமாவே பங்காளி. பொய்யாக் கட்டுன ஒறவு உண்மையாப் போச்சு. நான் ஒன்னத் தம்பின்னு கூப்புடுறது சும்மா இல்ல.

பின்னால தளவாயி படுத்தப்பவும் தண்ணி எறங்கலயாம். அவரு மகன் சொம்பத் தூக்கிட்டு வந்தான். ஆண்டிச்சி அவன இங்கதான் வெயில்ல உக்கார வச்சு, கல்லுல ஆறு போட்டு, மொதல்ல இருந்து சொன்னா. சொல்லி முடிச்சுட்டுத்தான் தண்ணி குடுத்தா. தளவாயி ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் போனாருன்னு ஒங்க வீட்டுல சொல்லுவாக. கத பாதியிலயே போயிட்டாருன்னு எங்க வீட்டுல சொல்லுவாக. அதுதான் இன்னைக்கி வரைக்கும் நடக்குது. கத முடிஞ்சுது. சொம்ப எடு, உள்ள போயி ரொப்பிட்டு வாரேன்.

இந்தா, புடி. விளிம்பு வரைக்கும் ஊத்திருக்கேன். சிந்தாம…

செல்லு அடிக்குது. எடு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிறாத.

ஏன் தாயி, அவன் ஏன் கீழ உக்காந்துட்டான்? யாரு பேசுனது?

எப்ப? இப்பத்தானா?

வேகமாத்தான் தம்பி சொன்னேன். எங்க மாமியா சொன்னா வெளக்கு வைக்கிற நேரமாயிரும். அவ சொல்லி ஒருத்தருக்கும் தண்ணி போயிச் சேந்தது இல்ல. நான் பாதியக் கொறச்சேன். ஒங்கப்பன் நல்ல மனுசன், எங்க வீட்டு வழியாப் போனா செருப்பக் கழட்டிட்டுப் போவாரு. எனக்கும் வயிறு எரியுது, போ.

எந்திரி. ரொப்புன சொம்ப வீட்டுக்குள்ள திருப்பிக் கொண்டு போகக் கூடாது. இந்தக் கல்லுல அக்கரையில இருக்கு பாரு புள்ளி, அதுல ஊத்து. ஓங் கையாலயே ஊத்து. ஆத்தங்கரையில உக்காந்திருந்தவளுக்குத் தண்ணிக்கா கொற? ஆளு வரலங்கிறதுதான் கொற.

ஊத்திட்டியா? சரி, கெளம்பு. எழவு வீட்டுக்குப் போறவுக திரும்பிப் பாக்கக் கூடாதும்பாக. எங்க வாசல்ல இருந்து போறவுக தெரு முக்கு வரைக்கும் திரும்பிப் பாத்துக்கிட்டே போகணும். உக்கிரபாண்டி பாக்கல, நீ பாரு. நான் இங்கனதான் நிப்பேன்.